இருட்டில் பற்றாத எண்

எதைத் தொடுவதாக இருந்தாலும் ஜெரோம் முதலில் புறங்கையால்தான் தொடுவான். வலது கை விரல்களை லேசாக உள்ளே மடக்கி, கணுக்களை மட்டும் பொருளின்மேல் ஒரு கணம் வைத்து எடுப்பான். கரண்ட் இருந்தால் விரல்கள் தாமாக மடங்கும். உள்ளங்கையால் பிடித்திருந்தால் மடங்குகிற விரல்கள் அதையே இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், அப்புறம் ஆளை விடாது. திருமுடிவாக்கத்தில் கண்ட்ரோல் பேனல் செய்யும் சிறிய கம்பெனி ஒன்றில் அவனுக்குப் பத்தொன்பது வருடமாக டெஸ்டிங் வேலை. அங்கே படிந்த பழக்கம் வீடுவரை கூடவே வந்துவிட்டது. இரும்புக் கேட், கொடிக் கம்பி, காபி டம்ளர், பஸ்ஸின் கைப்பிடி, எல்லாவற்றுக்கும் முதலில் புறங்கை. அக்காவுக்குக் காய்ச்சல் என்றாலும் நெற்றியில் அதே நான்கு கணுக்கள்தான்.

“நான் என்ன ஸ்விட்ச் போர்டாடா?” என்பாள் ஞானசௌந்தரி.

இரும்புலியூரில் ரயில்பாதைக்கு இந்தப் பக்கம் இருந்த வீட்டில் அவர்கள் இரண்டே பேர். அம்மா, அப்பா இருவரும் போய்ப் பல வருடங்கள் ஆகிவிட்டன. இரண்டு பேருக்குமே கல்யாணம் கூடிவரவில்லை. ஏன் என்று கேட்டுக்கொண்டிருந்தவர்களும் ஒரு கட்டத்தில் கேட்பதை விட்டுவிட்டார்கள். அக்கா மேற்குத் தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். தப்பைக் கண்டால் அவளுக்குக் கை சும்மா இருக்காது. கல்யாணப் பத்திரிகையில் தேதிக்கும் கிழமைக்கும் பொருந்தவில்லை என்றால்கூடப் பேனாவை எடுத்துத் திருத்தி, ஓரத்தில் ‘ஞா’ என்று சின்னக் கையெழுத்தும் போட்டு வைப்பாள்.

“அதுக்குக் கையெழுத்து எதுக்குக்கா?”

“திருத்தினது யாருன்னு தெரிய வேணாமா? நாளைக்கு அதுவும் தப்புன்னா யாரைப் போய்க் கேப்பாங்க?”

தை முடியும்போது அவளுக்குக் கண் சிவந்தது. மெட்ராஸ் ஐ என்று நினைத்து நாலு நாள் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போனாள். ஐந்தாவது நாள் காலையில் ஜன்னலைத் திறந்தவள் முகத்தைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். கண்ணுக்குள் வீக்கம் என்றார் டாக்டர். வெளிச்சம் ஆகாது, மணிக்கொரு தடவை சொட்டு மருந்து விட வேண்டும், ஆறு வாரமும் ஆகலாம், ஆறு மாதமும் ஆகலாம். ஜெரோம் உள்ளறை ஜன்னலுக்குக் கறுப்புக் காடாத் துணியை இரண்டு மடிப்பாக அடித்தான். கதவுக்குக் கீழே இருந்த இடுக்கில் பழைய சேலை ஒன்றைச் சுருட்டி வைத்தான். பட்டப்பகலில் அந்த அறைக்குள் தன் கை தனக்குத் தெரியாது.

சொட்டு மருந்துதான் சிக்கல். காலை எட்டரைக்குப் போகிறவன் திரும்பிவர ஏழு ஆகிவிடும். அதுவரை இருட்டில் கிடப்பவளுக்கு மணி எப்படித் தெரியும்? செல்போனின் வெளிச்சம் ஊசியாகக் குத்தியது. மணி சொல்லும்படி போனைப் பேசவைத்தான். ஒரே நாளில் அதை வேண்டாம் என்றுவிட்டாள். “யாரோ ரூமுக்குள்ள வந்து நிக்கிற மாதிரி இருக்குடா.”

அப்போதுதான் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை அவன் நினைவுக்கு வந்தது. அங்கே சேட்டு என்கிற காயலான் கடைக்காரன், உடைத்த பழைய மீட்டர்களின் உறுப்புகளைத் தார்ப்பாயில் பரப்பி வைத்திருப்பான். கொய்யாப்பழம் அளவு கண்ணாடிக் குழாய்கள் நாலைந்து அவனிடம் கிடந்தன. ஒவ்வொன்றுக்குள்ளும் பூஜ்யம் முதல் ஒன்பது வரை மெல்லிய கம்பியில் வளைத்த எண்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. நிக்ஸி குழாய். எந்த எண்ணுக்கு மின்சாரம் கொடுக்கிறோமோ, அது மட்டும் அடுப்புத் தணல் நிறத்தில் மெதுவாக ஒளிரும். கண்ணைக் குத்தாத வெளிச்சம்.

“இன்னா சார், திருப்பித் திருப்பிப் பாக்குற? பொண்ணு பாக்கவா வந்த?” என்றான் சேட்டு. “ரேடியோ பல்பு இல்ல இது. உள்ள நம்பர் கீது பாரு. உங்க தாத்தா காலத்து ஐட்டம். ஒட்ச்சிட்டீன்னா நீதான் எட்த்துகினு போவணும்.”

நல்லதாக நான்கைப் பொறுக்கிக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துவந்தான். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் உட்கார்ந்து கடிகாரத்தைச் செய்து முடித்தான். மணிக்கு இரண்டு குழாய், நிமிடத்துக்கு இரண்டு. எந்நேரமும் எரிந்துகொண்டிருந்தால் அதுவும் அவளை உறுத்தும் என்று, ஒரு காலிங்பெல் பொத்தானை நீண்ட ஒயரில் கட்டித் தலைமாட்டில் வைத்தான். அழுத்தினால் பத்து வினாடி எரிந்து அணைந்துவிடும்.

முதல் நாள் அவள் குழந்தைபோல அழுத்தி அழுத்திப் பார்த்தாள். “அழகா இருக்குடா. இவ்வளவு நாள் கழிச்சு ஒரு கலர் பாக்கறேன்.”

அந்த வாரம் முழுக்க ஜெரோம் பஸ்ஸில் தனியாகச் சிரித்துக்கொண்டு போனான்.

பங்குனியில் ஒருநாள் வேலையிலிருந்து வந்தவனிடம், “கடைசி நம்பர் வரலைடா” என்றாள். உள்ளே போய்ப் பொத்தானை அழுத்தினான். நான்கும் எரிந்தன. மறுநாள், “இன்னைக்கு ரெண்டாவது வரலை. மூணாவது ரொம்ப நேரம் கழிச்சு வந்துது. அதுவும் நடுங்கிக்கிட்டே.” மறுபடி போய் அழுத்தினான். நான்கும் பளிச்சென்று வந்தன.

அவன் முறைப்படித்தான் தேடினான். கம்பெனியில் பேனலுக்குப் பழுது பார்ப்பதுபோல மூலத்திலிருந்து தொடங்கினான். குழாய் பற்றிக்கொள்ள நூற்றெழுபது வோல்ட் வேண்டும். மீட்டரில் நூற்றெழுபத்திரண்டு காட்டியது. கொஞ்சம் விளிம்பில்தான், ஆனாலும் போதும். மின்சாரத்தில் நடுக்கம் இருந்தால் எண்ணும் நடுங்கும் என்று கெப்பாசிட்டரை மாற்றினான். பற்றவைத்த இடங்களைப் பூதக்கண்ணாடியில் ஒவ்வொன்றாகப் பார்த்து, சந்தேகப்பட்ட ஆறு இடங்களில் ஈயத்தை உருக்கி மறுபடி வைத்தான். மின்சாரம் சற்றுக் கூடுதலாகப் போகட்டும் என்று, குழாய்களுக்கு முன்னால் இருந்த ரெசிஸ்டர்களைக் கழற்றி ஒரு படி குறைந்ததைப் போட்டான். கடைசியில் கடிகாரத்தையே கம்பெனிக்குத் தூக்கிப்போய், டியூப் லைட்டுக்குக் கீழே மேஜையில் வைத்து, சாப்பாட்டு வேளையில் நூறு தடவை அழுத்தினான். நூறு தடவையும் நான்கு எண்ணும் வந்தன.

ஏகநாதன் டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டே வேடிக்கை பார்த்தார். அந்த ஷெட்டுக்கே மூத்த ஃபோர்மேன் அவர். “இன்னாப்பா, காலிங்பெல்ல இந்த அமுக்கு அமுக்குற? வூட்ல யாரும் கதவு தொறக்கலியா?”

ஜெரோம் விஷயத்தைச் சொன்னான். ஒருநாள் நாலாவது, ஒருநாள் இரண்டாவது, சிலநாள் எதுவுமே இல்லை.

“பழுதுன்னா ஒரே எடத்துல குந்திகினு இர்க்கணும் ஜெரோமு,” என்றார் ஏகநாதன். “எடம் மாறிகினே கீதுன்னா அது மெஷின்ல இல்ல. ஆப்பரேட்டர்கிட்ட கீது.”

ஷெட்டில் எல்லோருக்கும் பாடமான வாக்கு அது. பத்தொன்பது வருடத்தில் அது பொய்த்து ஜெரோம் பார்த்ததில்லை. அன்று சாயங்காலம் பல்லாவரத்தில் பஸ் மாறும்போது அந்த வாக்கு வேறு விதமாக உள்ளே இறங்கியது. இந்தக் கடிகாரத்துக்கு ஆப்பரேட்டர் யார்?

அவன் அக்காவைச் சோதிக்க ஆரம்பித்தான். சோதனை என்று அவளிடம் சொல்லவில்லை. கதவை மூடிவிட்டு வெளியே நிற்பான். உள்ளே அவள் பொத்தானை அழுத்தித் தெரிகிற எண்களை உரக்கச் சொல்ல வேண்டும். கையிலிருக்கும் போனில் மணியைப் பார்த்து ஒரு நோட்டில் குறித்துக்கொள்வான்.

“ஒண்ணு… ஒண்ணு… மூணு. கடைசி இல்ல.”

கதவைத் திறப்பான். “இப்ப அழுத்துக்கா.”

“இப்ப வந்துடுச்சு. அஞ்சு.” வெளியிலிருந்து வரும் வெளிச்சத்துக்கு ஒரு கையால் கண்ணை மறைத்துக்கொண்டு சொல்வாள். “நீ கதவைத் திறந்தா வருதுடா. மூடினா வர மாட்டேங்குது.”

அதையும் அவள் சொன்ன சொல் மாறாமல் குறித்துக்கொண்டான். சந்தேகத்துக்கு இடம் வைக்கக் கூடாதென்று ஒருநாள் தானே உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டும் பார்த்தான். மணி சரிபார்க்கப் போனைக் கடிகாரத்துக்கு அருகிலேயே பிடித்துக்கொண்டு பத்து தடவை அழுத்தினான். பத்து தடவையும் நான்கு எண்களும் வந்தன. அக்கா போன் வெளிச்சம் தாங்காமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். அவள் பார்க்கவில்லை.

சித்திரை பிறந்தபோது நோட்டில் நூறு வரிகள் சேர்ந்திருந்தன. கதவு மூடியிருந்தபோது நாற்பத்தொரு தடவை அவளுக்கு ஏதாவது ஒரு எண் தெரியவில்லை. திறந்திருந்தபோது ஒருமுறைகூடத் தவறவில்லை. வெளிச்சத்தில் தெரிகிறது, இருட்டில் தெரியவில்லை. இதற்கு மாலைக்கண் என்று பெயர் என்பதை யாரும் அவனுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

டாக்டர் நோட்டைப் புரட்டிவிட்டு மூடினார். “சார்ட் நல்லாப் படிக்கிறாங்களே. வீக்கமும் வத்திக்கிட்டுதான் இருக்கு. ரெண்டு மாசம் போகட்டும் சார், அதுக்கான டெஸ்ட் எடுத்துப் பாத்துடலாம்.”

ஆனால் பள்ளிக்கூடம் இரண்டு மாதம் காத்திருப்பதாக இல்லை. ஜூனில் வருவாரா, மாட்டாரா என்று ஏப்ரலுக்குள் சொல்லச் சொன்னார்கள். வராவிட்டால் வேறு ஆளைப் பார்க்க வேண்டுமாம். அக்கா அந்த ஜூனுக்காகத்தான் இருட்டில் கிடந்தாள். பத்தாம் வகுப்பு எடுக்கும்படி அந்த வருடம்தான் முதல்முறையாகச் சொல்லியிருந்தார்கள். கண்ணை மூடியபடியே பாடங்களை வாரவாரியாகப் பிரித்து அவனிடம் சொல்லிக்கொண்டிருப்பாள்.

ஜெரோம் வேறொன்றைப் பார்த்தான். மார்கழி மாலையில் பள்ளிக்கூடம் விட்டு, விளக்குப் போடாத படிக்கட்டில் இறங்குகிற அக்கா. மங்கின வெளிச்சத்தில் ஜிஎஸ்டி ரோட்டைக் கடக்கிற அக்கா. எந்தப் பக்கம் பஸ் வருகிறது என்று தெரியாமல் நடுவில் நிற்கிற அக்கா.

“ரெண்டு மாசம் பொறுத்துப் பாக்கலாமேடா,” என்றாள்.

“அக்கா, நூத்துக்கு நாப்பத்தொண்ணு. நான் சும்மா சொல்லலை. எழுதி வெச்சிருக்கேன்.”

அவள் வாழ்நாள் முழுக்க எண்களைக் காட்டிப் பிள்ளைகளின் வாயை அடைத்தவள். எண்ணுக்கு எதிராகப் பேச அவளுக்குத் தெரியாது. ஆனாலும், “அந்த நாப்பத்தொண்ணுலயும் எனக்கு இல்லாத மாதிரிதான்டா இருந்துது. இருந்து தெரியாத மாதிரி இல்ல,” என்றாள். இந்த இரண்டுக்கும் நடுவில் என்ன வித்தியாசம் என்று அவன் கேட்கவில்லை.

விருப்ப ஓய்வுக் கடிதத்தைத் தாம்பரத்தில் ஒரு கடையில் டைப் அடித்து வாங்கிவந்தான். கண்பார்வை குறைந்துவருவதால் இனிப் பணியைத் தொடர இயலாது என்று அதில் இருந்தது. பரீட்சை அட்டையில் வைத்துக் கிளிப்பை மாட்டி அவள் மடியில் வைத்தான். வெளிச்சம் உறுத்தக் கூடாதென்று கதவை ஒருசாண் மட்டும் திறந்துவைத்தான். தரையில் ஒரு கோடுபோல வெளிச்சம் விழுந்தது. அவள் விரலைப் பிடித்துக் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் வைத்தான்.

“இங்கக்கா.”

“தெரியுது. நீ போய்த் தண்ணி கொண்டா. மாத்திரை போடணும்.”

திரும்பி வந்தபோது அவள் கடிதத்தை மூன்றாக மடித்து, உறைக்குள் போட்டு, ஒட்டியும் முடித்திருந்தாள். பேனாவை மூடி அவனிடம் நீட்டினாள். “எழுதறது சரியா எழுதணும்டா,” என்றாள். கண்கள் நனைந்திருந்தன. சொட்டு மருந்து என்று அவன் நினைத்துக்கொண்டான். காலையில் வேலைக்குப் போகிற வழியில் பள்ளி அலுவலக ஜன்னலில் உறையைக் கொடுத்துவிட்டு 55 நம்பர் பஸ்ஸைப் பிடித்தான்.

ஆனி பிறந்தபோது வீக்கம் அடங்கிவிட்டது. ஜன்னலில் அடித்த காடாத் துணியை அக்காவே ஆணி ஆணியாகப் பிடுங்கினாள். இருட்டில் பார்வை எப்படி இருக்கிறது என்று சோதிக்கும் டெஸ்டுக்கு அவன் இரண்டு தடவை கூப்பிட்டான். “இனிமே தெரிஞ்சு என்ன ஆகப்போகுது?” என்றாள். பள்ளி திறந்த அன்று காலை ஏழே முக்காலுக்குப் புடவை கட்டித் தலைவாரிக்கொண்டு கூடத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். எட்டரைக்கு அவன் கிளம்பும்போதும் அப்படியேதான் இருந்தாள். சாயங்காலமானால் ஒவ்வொரு அறையாகப் போய் விளக்கைப் போட்டுவிடுவாள். வெளியே போவதே இல்லை. மொட்டைமாடிப் படி இறங்கும்போது, நன்றாக வெயில் அடிக்கும் நேரத்திலும், சுவரைத் தடவிக்கொண்டு இறங்கினாள். சோதனையில் தேறாத கண்ணை அவள் நம்பவில்லை. கடிகாரம் அட்டைப்பெட்டிக்குள் போய்ப் பரணுக்கு ஏறியது.

ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மழையில் நனைந்துகொண்டு ஹரிபிரசாத் வந்தான். பாலிடெக்னிக்கில் ஜெரோமுடன் படித்தவன். இப்போது பொத்தேரியில் ஒரு கல்லூரியில் லேப் பார்த்துக்கொள்கிறான். கண்காட்சிக்கு வைக்க அந்தக் கடிகாரத்தைக் கேட்டு வந்திருந்தான். பெட்டியை இறக்கி, ஒயரை மட்டும் வெளியே இழுத்துச் சொருகி, மூடி திறக்காமலே பொத்தானை அழுத்தினான். பெட்டி இடுக்கில் ஒரு கண்ணை வைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

“தூங்குமூஞ்சி மச்சான் உன் டியூபு. பாரு, ரெண்டுதான் முழிச்சிருக்கு.”

“மூடியத் தொற. நல்லாத்தான் எரியும்.”

“தொறந்தா எரியத்தான் செய்யும். வெளிச்சம் பட்டுடுதுல்ல?” ஜெரோமின் முகத்தைப் பார்த்துவிட்டு ஹரிபிரசாத் சிரிப்பை நிறுத்தினான். “உனக்குத் தெரியாதா? உள்ள இருக்கற காஸ் பத்திக்கணும்னா மொதல்ல ஏதோ ஒண்ணு அதைத் தட்டி உடணும் மச்சான். துளி வெளிச்சம் போதும். சுத்த இருட்டுல போட்டா சும்மா கெடக்கும். எது பத்தும், எது பத்தாது, எப்போ பத்தும், ஒண்ணும் சொல்ல முடியாது. வோல்டேஜும் விளிம்புல இருந்தா கேக்கவே வேணாம். பழைய டியூபெல்லாம் இப்படித்தான்.”

அவன் காபி குடித்துவிட்டு, மழை விட்டதும் வந்து எடுத்துப்போவதாகச் சொல்லிக் கிளம்பினான். ஜெரோம் கடிகாரத்தைக் கட்டிலில் வைத்தான். கம்பளிப் போர்வையை இரண்டாக மடித்து, கடிகாரத்தின் மேலும் தன் தலை மேலும் போர்த்திக்கொண்டான். போனைக் கூடத்திலேயே வைத்துவிட்டு வந்திருந்தான். மூச்சுமுட்டும் கம்பளி வாசனைக்குள் பொத்தானை அழுத்தினான். ஒன்று. மூன்று. இரண்டாவது இடமும் நான்காவது இடமும் கறுப்பு. பத்து வினாடியும் கறுப்பு. மறுபடி அழுத்தினான். இப்போது முதலாவது இல்லை, கடைசி நடுங்கி நடுங்கி வந்தது. மூன்றாவது முறை அழுத்திவிட்டுப் போர்வையின் ஓரத்தை ஒரு விரற்கடை தூக்கினான். நான்கும் ஒன்றாகப் பற்றிக்கொண்டன.

நீ கதவைத் திறந்தா வருதுடா.

“போர்வைக்குள்ள என்னடா பண்ற?” வாசற்படியில் அக்கா நின்றிருந்தாள். “பட்டப்பகல்ல பேயா?”

அவன் தலையை வெளியே எடுத்தான். முடி கலைந்து, முகம் வியர்த்திருந்தது. “பழுது கடிகாரத்துலதான்க்கா. உன் கண்ணுல இல்ல. இருட்டுல அது எரியவே இல்ல. நீ இல்லன்னு சொன்னப்பல்லாம் அங்க நிஜமாவே இல்ல.”

அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு கடிகாரத்தையே பார்த்தாள். நான்கு எண்களும் அணைந்துபோயின. கையிலிருந்த கரண்டியைப் புடவைத் தலைப்பில் துடைத்தாள். ஏற்கெனவே துடைத்ததுதான்.

“நூத்துக்கு நாப்பத்தொண்ணும் சரியா?”

“நாப்பத்தொண்ணும் சரி.”

“சரி,” என்றாள். “சாப்பிட வா. ஆறிடும்.”

அன்று சாயங்காலமும் எல்லா அறையிலும் விளக்கைப் போட்டாள். படியில் இறங்கும்போது சுவரைத் தடவினாள். உடம்பு கற்றுக்கொண்டதை ஒரே நாளில் அழிக்க முடியாது என்று ஜெரோம் கண்டான்.

மறுநாள் அரைநாள் விடுப்பெடுத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போனான். கேட்டைப் புறங்கையால் தொட்டுவிட்டுத் திறந்தான். இடம் நிரம்பிவிட்டது, ஜூனிலேயே ஆள் போட்டாயிற்று என்றார் அலுவலகத்தில் இருந்தவர். அவன் நகராமல் நின்றான். அவருக்கு மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. ஒரு ஃபைலை எடுத்து, “பாருங்க சார், இதோ உங்க அக்கா லெட்டர். எல்லாம் முறைப்படி ஏத்துக்கிட்டு முடிஞ்சுபோச்சு,” என்று அவன் பக்கமாகத் திருப்பி வைத்தார்.

இருபத்திரண்டு ஆண்டுகள் பணியாற்றிய எனக்கு என்று அவன் டைப் அடித்து வாங்கியிருந்த வரியில், இருபத்திரண்டின் மேல் நீல மையில் நேராக ஒரு கோடு இழுக்கப்பட்டிருந்தது. அதற்கு மேலே, எழுத்துகளுக்கு நடுவில் இருந்த எறும்பளவு இடத்தில், அந்த ஒருசாண் கதவு வெளிச்சத்தில், பொடியாக, பிசகாமல், 23 என்று எழுதியிருந்தது. ஓரத்தில் ‘ஞா’.